வருஷா வருஷம் ஒரு குதிரை

“இனிமே எதுக்கு?” பணி ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. சுவருக்கு வெள்ளை அடிக்கலாமா என்றால் இனிமே எதுக்கு. ஓடாத மிக்சியை மாற்றலாமா என்றால் இனிமே எதுக்கு. புதிதாக ஒரு சிநேகிதம், பார்க்காத ஊருக்கு ஒரு பயணம், எதைக் கேட்டாலும் அதே பதில். பிள்ளைகளும் அன்பாகத்தான் சொல்கிறார்கள்: “உழைச்சது போதும்மா, உட்காருங்க.” அந்த அன்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அறுபதுக்கு மேலும் இருபது வருஷம் ஆயுசு கிடைக்கிற காலம் இது. அத்தனை வருஷத்தையும் உட்கார்ந்தே கழிப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இதில் வழி காட்டியது புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து மண் குதிரைகள்.

குதிரை அவர் வீட்டுச் சொத்து. என் மாமனார் பழநியில் ஜட்கா வண்டி ஓட்டியவர். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்பதற்கு முன்னால் குதிரைக்குக் கொள்ளு ஊறப்போட்டாயிற்றா என்று கேட்பாராம். லாடம் கட்டும் நாளில் சவாரி கிடையாது. அன்றைக்கு வீட்டில் வரும்படியும் கிடையாது. போக்குவரத்துக் கழகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த பிறகும் தெருவில் குளம்புச் சத்தம் கேட்டால் என் வீட்டுக்காரர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். சாமி என் வீட்டுச் சொத்து. எங்கள் குலதெய்வம் அய்யனார். நான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவரை வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பொங்கல் வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவோம். ஓய்வு பெற்ற பிறகுதான் கோயிலில் நின்று பார்க்க நேரம் கிடைத்தது. அவருடைய குதிரையும் என்னுடைய சாமியும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன என்பதும் அப்போதுதான் உறைத்தது.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற சாலையில் நமணசமுத்திரம் அய்யனார் கோயில் இருக்கிறது. போகிற வழியின் இரண்டு பக்கமும் மண் குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கும். பூரணை, புஷ்கலையோடு இருக்கும் அய்யனார் ராத்திரியில் குதிரை ஏறி ஊர் எல்லையையும் கண்மாயையும் காவல் சுற்றுகிறார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பிள்ளை பிறந்தால், நோய் தீர்ந்தால், மழை பெய்து வெள்ளாமை வீடு வந்தால் அவருக்கு ஒரு குதிரை எடுத்து விடுவதாக நேர்ந்துகொள்வார்கள். அதைச் செய்கிறவர்கள் வேளார்கள். பல அய்யனார் கோயில்களில் பூசாரிகளும் அவர்களே.

புரவி எடுப்புத் திருவிழா தொடங்குவது பிடிமண்ணில். ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு பிடி மண் எடுத்து வேளார் கையில் கொடுப்பார்கள். ‘இந்த வருஷம் புரவி எடுக்கிறோம்’ என்று ஊர் கொடுக்கும் வாக்கு அது. பிறகு வேளார் வீட்டு முற்றத்தில் வேலை ஆரம்பமாகும். அங்கே ஒரு திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் பார்த்திருக்கிறோம். கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிக்கிறார்கள். முதலில் கால்கள்: நாலு கால்களையும் நாலு குழாயாக நிறுத்தி இறுகவிடுகிறார்கள். அவற்றின் மேல் வயிறு எழும்புகிறது. உள்ளே ஒரு கையில் கல், வெளியே மற்றக் கையில் தட்டுப் பலகை. டப், டப் என்று ஒரே தாளத்தில் தட்டத் தட்ட மண் ஏறிக்கொண்டே போகும். கழுத்தும் தலையும் கடைசியில். முழுக்க உள்ளே வெற்றிடம்தான். சூடு உள்ளே போய்வர அங்கங்கே துளை விடுகிறார்கள், இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். ஆள் உயரத்துக்கு மேல் போகிற குதிரைக்கும் இதே கை, இதே பலகைதான். அச்சு கிடையாது. கழுத்துமணியும் சேணத்தின் ஓரத்து மொட்டுகளும் ஒவ்வொன்றாக உருட்டி ஒட்டப்படுகின்றன.

சூளையில் சுட்டு, வர்ணம் பூசிக் கண் திறந்த பிறகு அது மண் இல்லை, புரவி. மாலை போட்டு, வேட்டி துண்டு சாத்தி, மரச் சட்டத்தில் ஏற்றித் தோளில் தூக்கிப் போவார்கள். சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் புரவி எடுப்பு சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றது. அரண்மனைப் புரவி முன்னே போகும். நேர்த்திக்கடன் புரவிகள் பின்னே வரும். தோள் மாற்றுகிற ஒவ்வொரு இடத்திலும் குதிரை ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். அப்போது கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். தூக்குகிறவர்களில் பலர் இதற்காகவே திருப்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள்.

கோயிலில் கொண்டுபோய் விட்டதும் வேலை முடிந்தது. கூரை கிடையாது. அடுத்த மழையில் வர்ணம் போகும். சில வருஷத்தில் காது உடையும், கழுத்து சாயும். முன்வரிசையில் புதுக் குதிரை, பின்னால் பழைய குதிரை. புதருக்குள் இன்னும் தள்ளிப் போனால் வெறும் கால்கள். அதற்கும் பின்னால் ஓட்டுச் சில்லு கலந்த மண்மேடு. உடைந்து கிடந்த ஒரு வயிற்றுக்குள் குனிந்து பார்த்தேன். வெளிப்பக்கம் வழவழப்பாகத் தேய்த்திருக்கிறார்கள். உள்ளே வேளாருடைய நாலு விரல் தடமும் அப்படியே பதிந்திருந்தது. இதையெல்லாம் யாரும் ஒட்டவைப்பதில்லை, பெருக்கித் தள்ளுவதும் இல்லை. “ஒரு கொட்டகையாவது போடக் கூடாதா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வேளார் சொன்னார்: “கொடுத்தது கொடுத்ததுதான் அய்யா. அவர் பாத்துக்குவாரு. அடுத்த வருஷத்துக்கு வேற செய்யணும்ல.”

அந்தப் பதிலைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். இந்த ஊர்களில் குதிரை கரைவது யாருக்கும் துக்கம் இல்லை. கரைவதால்தான் மறுபடி பிடிமண் கொடுக்க வேண்டியிருக்கிறது. பகை பாராட்டிக்கொண்டிருக்கிற பங்காளிகள்கூடக் கூடிப் பேச வேண்டியிருக்கிறது. பையன் தோள்கொடுக்க லீவு போட வேண்டியிருக்கிறது. வயதான காலத்தில் நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. இருப்பதைப் பூட்டிவைக்கிறோம், இருந்த பதவியை, இருந்த மரியாதையை நினைவில் ஒட்டவைத்துக்கொண்டே இருக்கிறோம். உடம்பு கரைவதை நிறுத்த எந்த மருத்துவராலும் முடியாது. இந்த வருஷத்துக்கென்று புதிதாக ஒன்றை ஆரம்பிப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

உயிருள்ள குதிரை ஒரு காலத்தில் தமிழ்நாட்டு ஏழைக் குடிக்கு எட்டாத பொருளாக இருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆயிரக்கணக்கான குதிரைகள் வருஷந்தோறும் கப்பலில் வந்து இறங்கியதையும், பேணத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போனதையும் எழுதியிருக்கிறார். ராஜா பொன் கொடுத்து வாங்கிய குதிரை நிலைக்கவில்லை. கண்மாய் மண்ணில் குடியானவர் எடுத்த குதிரை இன்றுவரை ஓடுகிறது.

குதிரை வாங்கப்போன கதைகளில் பெரியது மாணிக்கவாசகருடையது. அரசாங்கப் பணத்தோடு போனவர் திருப்பெருந்துறையில் சிவனைக் கண்டு பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டார். நரி பரியாகி மதுரைக்கு வந்து, ராத்திரியில் மறுபடி நரியானது. அந்தத் திருப்பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோயில், அறந்தாங்கியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். அங்கே கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும்தான். புழுங்கலரிசிச் சோற்றைக் கீரையோடும் பாகற்காயோடும் சுடச்சுடக் கல்மேடையில் கொட்டுவார்கள். எழும்புகிற ஆவிதான் நைவேத்தியம். கையில் பிடித்துவைக்க முடியாத ஒன்றைச் சாமிக்குக் கொடுக்கிற அந்தப் பூசையை நான் எத்தனை தடவை பார்த்தாலும் கண் கலங்குகிறது.

நாங்கள் போகிற இடங்கள் இன்னும் உண்டு. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 30 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரைக்கு மாசி மகத்தன்று காகிதப் பூமாலைகளை லாரியில் கொண்டுவந்து சாத்துகிறார்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை. மார்வாரிக் குதிரையின் காது இரண்டும் உள்நோக்கி வளைந்து நுனியோடு நுனி தொடுவதை என் வீட்டுக்காரர் அங்கேதான் முதலில் கிட்ட நின்று பார்த்தார். ஒரு கத்தியவார் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு அவர் நின்ற நிலையில் எழுபது வயது தெரியவில்லை. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனதிலிருந்து எங்கள் பயணம் பெரும்பாலும் பஸ்ஸில்தான். முழங்காலுக்குப் பட்டை, வெந்நீர் பிளாஸ்க், மாத்திரை டப்பா, புளிச்சோறு. இரண்டு பேருக்கும் ஒரே பை.

தனியாகப் போனதில்லை. பக்கத்துத் தெருவில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவரும், செவிலியராக இருந்த அவர் மனைவியும் எங்களுக்குக் கூட்டு. அவர்கள் கிறிஸ்தவர்கள். குதிரை ஏறிய சாமி எங்களுக்கும் உண்டு என்று சொல்லி ஜூலை மாதத்தில் எங்களைத் தங்கச்சிமடத்துக்கு அழைத்துப் போனவர்கள் அவர்கள்தான். கடற்கரையோரம் சந்தியாகப்பர் கோயில். வெள்ளைக் குதிரையில் வாளோடு இருக்கிறார். ஜூலை 25 அவருடைய திருநாள். அங்கே இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து நேர்த்திக்கடன் செலுத்துவது பழைய வழக்கம். நான் மெழுகுவத்தி ஏற்றினேன். அடுத்த மாதம் அவர்கள் எங்களோடு புரவி எடுப்புக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார்கள். யாருடைய சாமியும் இதில் குறைந்துபோகவில்லை.

தபால்காரர் ஒரு கார்த்திகையில் மாரடைப்பில் போய்ச்சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்த அம்மா வாசலைத் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குக்கூடப் போகாமல் இருந்தார். “இனிமே எதுக்கு அக்கா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டபோது அந்தக் கேள்விக்கு எடை கூடியிருந்தது. ஆறுதல் வார்த்தை எதுவும் என்னிடம் இல்லை. வைகாசியில் வேளார் வீட்டுக்குப் போகும்போது, “சும்மா கூட வாங்க, பேச வேண்டாம்” என்று மட்டும் கேட்டு அழைத்துப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்தார். வேளாரின் மருமகள் உமி கலந்த மண்ணை மிதித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்க் கூட நின்று மிதிக்க ஆரம்பித்தார். இருட்டும்வரை மிதித்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் அவரே ஆரம்பித்தார்: “சந்தியாகப்பர் திருநாள் இந்த வருஷம் என்ன கிழமைக்கா?” கணவருடைய இடம் நிரம்பிவிடவில்லை. அவருக்குப் போக ஒரு நாள் கிடைத்தது.

எங்கள் வீட்டு நாட்களும் அந்தத் தேதிகளைச் சுற்றித்தான் நடக்கின்றன. காலையில் காபி குடித்தவுடன் அவர் நாட்காட்டியைப் புரட்டுவார். நான் ஊர்க்காரர்களுக்கு போன் போட்டு எந்த ஊரில் பிடிமண் கொடுத்தாயிற்று என்று விசாரிப்பேன். நடுவில் ரத்தப் பரிசோதனை வரும், பேரப்பிள்ளை வருவான், சண்டையும் வரும். அவருக்குக் குதிரையின் கால் சரியாக வந்திருக்கிறதா என்பது முக்கியம். எனக்கு அந்த வீட்டு நேர்த்திக்கடன் எதற்கு என்பது முக்கியம். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியபோது பேசாத அளவுக்கு இப்போது பேசுகிறோம்.

சமீப காலமாக என்னை வருத்துவது ஒன்று உண்டு. பல ஊர்களில் சிமெண்டில் குதிரை கட்டி எனாமல் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். ஒரு தடவை செலவு, அப்புறம் தொல்லை இல்லை என்கிறார்கள். வெளியூரில் இருப்பவர்கள் பணம் அனுப்புவதும் அதற்குத்தான். நல்ல எண்ணத்தோடு செய்கிறார்கள், ஆனால் தவறான வேலை. கரையாத குதிரைக்கு அடுத்த பிடிமண் கிடையாது. பிடிமண் இல்லாவிட்டால் வேளாருக்குச் சூளை இல்லை. வேளார் வீட்டுப் பையன் கட்டட வேலைக்குப் போய்விடுவான். ஊர் கூடக் காரணம் இல்லாமல் போகும். தட்டுப் பலகையின் தாளம் ஒரு தலைமுறை நின்றால் மறுபடி சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது.

உங்கள் ஊர் அய்யனார் கோயில் கூட்டத்தில் சிமெண்ட் குதிரைப் பேச்சு வந்தால், வயதில் மூத்தவர் என்ற உரிமையோடு எழுந்து வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பணத்தில் இந்த வருஷம் ஒரு மண் குதிரைக்கு வேளாருக்கு முன்பணம் கொடுங்கள். புரவி எடுப்பு பெரும்பாலும் வைகாசியிலிருந்து ஆடி வரைக்கும் நடக்கும். பிடிமண் கொடுக்கிற நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தனியாக இருக்கிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.