திரும்பிப் போகும் உரிமை

புதிதாக வாங்கிய பொருளைப் பழையதாக மாற்றிக்கொள்ள ஒருவனுக்கு உரிமை உண்டா? மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு கேள்வியே அல்ல. 'காசு கொடுத்தவன் நீ, பொருள் உன்னுடையது, உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டு யாரும் தம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். நானும் எட்டு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு சுலபமாக நினைக்க முடியவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் என் மடிக்கணினியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் கல்லூரிப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திவிட்டவன். ஆனால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மட்டும் ஒழுங்காகப் போய்த் தமிழ் லோயர் தேறினேன். அந்த விரல் பழக்கந்தான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. பேனாவைப் பிடித்தால் யோசனை வரும், எழுத்து வராது. விசைகளின் மேல் விரலை வைத்தால் இரண்டும் சேர்ந்து வரும். கணினிக்கு மாறியபோதும் அந்த டைப்ரைட்டர் முறையிலேயே அடிப்பதற்கு ஒரு பழைய மென்பொருளை வைத்துக்கொண்டேன். என் முதல் மூன்று நாவல்களின் கைப்பிரதி அந்தக் காலத்து எழுத்துருவில்தான் இருக்கிறது. 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு நடந்து, விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் அரசு ஒரு தரம் வகுத்தது. 2010இல் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் தமிழில் அடித்தவர்களிடம், வேறு கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும் கோப்புகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். நான் அந்த மூட்டைக்காரர்களில் ஒருவன்.

2013ஆம் வருஷத் தொடக்கத்தில், ஒரு தொடர்கதைக்கு வந்த பணத்தில் புதிய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். அதில் விண்டோஸ் 8 இருந்தது; முந்திய அக்டோபரில் வெளிவந்தது. திறந்து பார்த்தேன். இடது கீழ் மூலையில் இருந்த பொத்தானைக் காணோம். 1995ஆம் வருஷத்திலிருந்து உலகமே அந்த மூலையில் போய்த் தொட்டுத்தான் வேலையை ஆரம்பித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் திரை முழுவதும், கோலப்பொடிக் கிண்ணங்களை வரிசையாக அடுக்கியதுபோல் வண்ண வண்ணச் சதுரங்கள். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். என் பழைய தமிழ் மென்பொருள் அதில் ஓட மறுத்துவிட்டது. ஒரு வாரம் முயன்றேன். அந்த ஒரு வாரமும் ஒரு வரி எழுதவில்லை.

காசிமேட்டில் துறைமுகத்துக்குப் போகும் வழியில் கைபேசி பழுது பார்க்கும் சின்னக் கடை ஒன்று அப்போது இருந்தது. அங்கிருந்த பையன் இயந்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்த எடுத்துட்டு ஏழு போட்டுடலாம் சார். எல்லாரும் அதான் போட்டுக்கினு போறாங்க" என்றான். மறுநாள் சாயங்காலம் விண்டோஸ் 7 வந்துவிட்டது. மூலையில் பொத்தான் வந்தது. என் மென்பொருள் ஓடியது. அன்றிரவே ஒரு அத்தியாயம் முடித்தேன். விலை உயர்ந்த பதிப்பை வாங்கினவர்களுக்குப் பழைய பதிப்புக்குத் திரும்பும் உரிமையை விற்பவர்களே எழுத்துப்பூர்வமாகக் கொடுத்திருந்தார்கள் என்பதும், நான் வாங்கிய சாதாரணப் பதிப்புக்கு அந்த உரிமை கிடையாது என்பதும் பிற்பாடு தெரிந்தது. பையன் போட்ட பிரதி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கேட்காமல் விட்டதில் எனக்குச் சௌகரியம் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "புதுப்பி, புதுப்பி என்று தொணதொணக்கும் சார், அத்த நிறுத்திட்டேன்" என்றும் அவன் சொன்னான். அதற்கு நன்றி வேறு சொன்னேன்.

இந்தக் காரியத்துக்கு ஆங்கிலத்தில் 'டவுன்கிரேடு' என்று பெயர். தரத்தில் கீழே இறங்குவது என்று அர்த்தம். பெயரிலேயே தீர்ப்பை எழுதிவிட்டார்கள் பார்த்தீர்களா! விற்கிறவன் கொடுப்பதெல்லாம் ஏற்றம். வாங்குகிறவன் வேண்டாம் என்றால் இறக்கம். எனக்கு இந்தச் சொல்லின்மேல் அன்றும் கோபம், இன்றும் கோபம். 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, அதை அகற்றிவிட்டு 2001ஆம் வருஷத்து எக்ஸ்பிக்குத் திரும்பினவர்கள் உலகமெங்கும் ஏராளம். அவர்களெல்லாம் முன்னேற்றத்தின் விரோதிகளா? விண்டோஸ் 8க்கு அடுத்து 2013 அக்டோபரில் வந்த திருத்திய பதிப்பில் அந்த மூலைப் பொத்தானை மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது பழைய பட்டியலும் ஒருவாறு திரும்பியது. அதாவது, செய்தவனே திரும்பி நடந்தான். அவன் திரும்பினால் அதற்கு 'வாடிக்கையாளர் கருத்துக்கு மதிப்பளித்தல்' என்று பெயர். நான் திரும்பினால் இறக்கம்! ஆகவே, திரும்பிப் போகும் உரிமை மனிதனுக்கு உண்டா என்றால், உண்டு என்றே சொல்வேன். பழகிய கை ஒரு சொத்து. இருபது வருஷம் உழைத்துச் சேர்த்த அந்தச் சொத்தை, எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு பொத்தானை எடுத்துவிட்டுப் பறித்துக்கொள்வது நியாயமாகாது.

இதில் எனக்குத் துணையாக ஒரு பெரியவரையும் நினைத்துக்கொள்வேன். எங்கள் தெருவில் இருந்தவர், இப்போது இல்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்துபோன பிறகு, கரையோரமெங்கும் உதவி என்று ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. அவர் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு அவர் மட்டும் கட்டுமரத்துக்கே திரும்பினார். "அது ஓடுது, இது மிதக்குது. எனக்கு மிதந்தா போதும்" என்பார். நான் அவரை ஒரு தத்துவஞானி என்று நினைத்து, ஒரு கதையில்கூட உபயோகப்படுத்திக்கொண்டேன். அவர் தினமும் கரைக்கு வந்ததும் என்ன செய்வார் என்பதை மட்டும் நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. மரங்களைக் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்ப்பார். ஒவ்வொரு மரமாகப் பிரித்து மணலில் போட்டுக் காயவைப்பார். தண்ணீர் குடித்த மரம் மிதக்காது. கயிற்றைத் தடவிப் பார்த்து நைந்த இடத்தை மாற்றுவார். மறுபடி கடலுக்குப் போகும்போது திரும்பக் கட்டுவார். பழையதை வைத்துக்கொள்வது என்பது அவருக்கு ஒருநாள் எடுத்த முடிவல்ல. தினமும் செய்த வேலை. நானோ ஒருநாள் சாயங்காலம் கடைக்காரப் பையனிடம் பணத்தைக் கொடுத்ததோடு என் கடமை தீர்ந்தது என்று இருந்தேன்.

2017ஆம் வருஷம் என்னை இரண்டு தடவை தட்டிப் பார்த்தது. ஜனவரி 28ஆம் தேதி விடியற்காலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் தார்க்குழம்புபோல் கரையில் வந்து ஒதுங்கியது. எண்ணூரிலிருந்து தெற்கே மெரினாவையும் தாண்டிப் போயிற்று. ஜனங்கள் வாளியில் அதை மொண்டு மொண்டு எடுத்த காட்சியை நீங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். காசிமேட்டுக்கு மீன் வாங்க வந்தவர்கள் மீனை முகர்ந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனார்கள். மோதிய கப்பலில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் இல்லை. ஆனால் நஷ்டம் எங்கள் தெருவுக்கு வந்தது.

அதே வருஷம் மே 12ஆம் தேதி, 'வான்னாகிரை' என்ற தீநிரல் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. பழைய எக்ஸ்பியை வைத்திருந்தவர்களால் வந்த வினை என்று முதலில் எல்லாரும் சொன்னார்கள். கணக்கெடுத்துப் பார்த்தபோது, பிடிபட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. வாங்கிப் போட்டுக்கொள்ளாதவர்கள்தாம் மாட்டிக்கொண்டார்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது என் வயிற்றில் ஏதோ புரண்டது. 'தொணதொணக்கும்' என்று பையன் நிறுத்தி வைத்தது இதைத்தான். ஆனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நாவலில் பாதியில் இருந்தேன், மறந்துவிட்டேன். எண்ணெயையும் இதையும் அப்போது நான் சேர்த்து நினைக்கவில்லை.

2020 ஜனவரி 14ஆம் தேதியோடு, சாதாரண உபயோகிப்பாளர்களுக்கு விண்டோஸ் 7ஐக் கவனிப்பதை அதைச் செய்தவர்களே நிறுத்திவிட்டார்கள். இனி அதில் எந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைக்க ஆள் இல்லை. இங்கேதான் எனக்கு விளங்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஜனவரி 13ஆம் தேதி நான் செய்துகொண்டிருந்ததையேதான் 15ஆம் தேதியும் செய்துகொண்டிருந்தேன். நான் எதையும் மாற்றவில்லை. ஒரு மனிதன் சும்மா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்க, அவன் செய்கை மட்டும் சரியிலிருந்து தப்புக்குப் போய்விட முடியுமா? முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் அப்போது சண்டைக்குப் போயிருப்பேன்.

எதிர் வீட்டு அக்கா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். அவர் மகன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டே, காலையில் ஒரு ஐஸ் வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். படகு ஒவ்வொன்றும் எத்தனை பார் ஐஸ் எடுத்தது, எவ்வளவு பாக்கி என்ற கணக்கு. 2021இல் ஒருநாள் இரவு, உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று என் வீட்டுக்கு வந்தான். "மாமா, ஒரு அவர்தான்" என்றான். ஆதார் அட்டை, பாஸ்புத்தகம் எல்லாவற்றையும் பென் டிரைவில் வைத்திருந்தான். நானே அதை வாங்கிக் கணினியில் செருகினேன். மறுநாள் காலை அதே பென் டிரைவை அவன் ஐஸ் கடைக் கணினியில் செருகினான். அன்று மத்தியானம் அங்கே ஒரு கோப்பும் திறக்கவில்லை. மூன்று மாதத்துக் கணக்கு போயிற்று. பாக்கி வைத்திருந்த படகுக்காரர்களில் சிலருக்கு ஞாபகம் இருந்தது. சிலருக்கு இல்லாமல் போய்விட்டது. பையனை நிறுத்திவிட்டார்கள்.

என் இயந்திரத்திலிருந்துதான் அது போயிற்று என்று நிரூபிக்க முடியாது. போகவில்லை என்றும் நிரூபிக்க முடியாது. அந்தச் செய்தி வந்த சாயங்காலம் என் மனத்தில் முதலில் எழுந்தது இந்த 'நிரூபிக்க முடியாது'தான். அதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். கதைகளில் பாத்திரங்களுக்கு மனச்சாட்சியைப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தவன், சொந்த விஷயத்தில் ஒரு வக்கீலைப்போல் உட்கார்ந்துகொண்டேன். பையன் வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சமாதானம் செய்துகொண்டேன். அவன் கேட்கவில்லை. அவன் தன்னையே சந்தேகித்துக்கொண்டு திரிந்தான்.

ஏழு மாதம் கழித்துத்தான் அக்காவிடம் சொன்னேன். என் கணினி பழையது, அதில் காவல் இல்லை, அதிலிருந்து போயிருக்கலாம் என்று. கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். மன்னிப்பார் என்றோ திட்டுவார் என்றோ எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு:

"அத்த அப்பவே சொல்றதுக்கு இன்னா தம்பி? புள்ள எம்மாம் நாளு தலைய குனிஞ்சிக்கினு சுத்துனான் தெரியுமா? கம்ப்யூட்டரு வோணும்னு கேட்டா கூட வாய தொறக்காம இருந்தான். நாந்தான் தப்பு பண்ணிட்டேன்னு."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஐஸ் வியாபாரியிடமும் போய்ச் சொன்னேன். அவர், "அதெல்லாம் போன கதை சார், வேற ஆள் வெச்சிட்டேன்" என்று டீ வரவழைத்துக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

இதற்குப் பின்னும் நான் விண்டோஸ் 7ஐக் கைவிடவில்லை. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. திரும்பிப் போகும் உரிமை எனக்கு உண்டு என்று இன்னமும் நம்புகிறேன். ஆனால் கட்டுமரக்காரப் பெரியவர் அந்த உரிமைக்குத் தினமும் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக் கூலி கொடுத்தார். நான் என் பங்குக் கூலியை எதிர் வீட்டுப் பையன் தலையில் வைத்துவிட்டேன். தனியாகக் கடலுக்குப் போகிறவன் தன் உயிரைத்தானே பணயம் வைக்கிறான் என்பதும் சரியல்ல; அவன் திரும்பாவிட்டால் தேடிப் போகிற பத்துப் படகு எங்கள் கரையில் உண்டு.

அந்தப் பையனையே கூப்பிட்டேன். வந்தான். மடிக்கணினியின் முதுகைத் திறந்து, இணையத்தைப் பிடிக்கும் சின்னத் தகட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "இனிமே இதுல பென் டிரைவ் சொருவாதீங்க மாமா, யாரு கேட்டாலும்" என்றான். மற்ற வேலைகளுக்கு வேறொரு கணினியை வாங்கி, அது 'புதுப்பி' என்று கேட்கும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே சம்மதிக்கிறேன். இந்தக் கட்டுரையைப் பழையதில்தான் அடித்தேன். அதிலிருந்து எதையும் அனுப்ப முடியாது. ஆகவே காகிதத்தில் அச்சடித்து, உறையில் போட்டு, கையில் எடுத்துக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்குப் பஸ் ஏறினேன். அங்கே உதவி ஆசிரியர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதை மறுபடி யார் அடிப்பது என்று கேட்டார். நானே உட்கார்ந்து அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.