தளர்நடை

மனிதன் முயன்று கற்கும் முதற் கலை நடத்தல். கற்ற பின் அவன் அடியோடு மறந்துவிடும் கலையும் அதுவே. காலையில் அலுவலகப் பேருந்தைப் பிடிக்க விரையும் நம்மில் எவரேனும் இப்போது வலக்கால், இனி இடக்கால் என்று எண்ணி நடக்கிறோமா? எண்ணினால் அக்கணமே இடறுவோம். அந்த மறந்துபோன பாடத்தை மீண்டும் கண்முன் காணும் வாய்ப்பு, வீட்டில் ஒரு குழந்தை எழுந்து நிற்கும் நாளில்தான் கிட்டுகிறது.

எனக்கு அவ்வாய்ப்பு நாற்பத்து நான்காம் வயதில் வாய்த்தது. மணமாகிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துப் பிறந்த மகள், தில்லியின் சனவரிக் குளிரில் நடக்கத் தொடங்கினாள். இந்நகரத்துக் குளிரை அறிந்தவர்க்கு அதன் இடர்ப்பாடு விளங்கும். மூன்று அடுக்குக் கம்பளியில் குழந்தை ஒரு பஞ்சுப் பொதியாக இருக்கும். கைகள் பக்கவாட்டில் விறைத்து நிற்கும். குனியவும் இயலாது, நிமிரவும் இயலாது. காலுறை அணிவித்தால் அரசுக் குடியிருப்பின் மொசைக் தரை வழுக்கும். கழற்றினாலோ தரை பனிக்கட்டி. வழுக்கலா, குளிரா என்று நானும் மனைவியும் வழக்காடிக்கொண்டிருக்கையிலேயே அவள் கட்டிலின் விளிம்பை விட்டுவிட்டு இரண்டடி வைத்து, மூன்றாவது அடியில் விழுவாள்.

அப்போதெல்லாம் என் கைகள் தாமாக நீண்டன. அந்தக் கைகளைப் பற்றியதே இக்கட்டுரை. பிடித்துக்கொள்வது அன்பா, விட்டுவிடுவது அன்பா? சிறு வினாதான். எனினும் ஒரு குடும்பத்தின் அறமெல்லாம் அதற்குள் அடங்கிவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அச்சத்தின் கதை. பதினான்கு மாதம் நிறைந்தும் அவள் நடக்கவில்லை. உடன் பணிபுரிவோர் வீட்டுக் குழந்தைகளெல்லாம் பத்தாம் மாதத்திலேயே ஓடியதாகக் கேள்வி. ஊரிலிருந்து தொலைபேசியில் நாளுக்கொரு கைவைத்தியம் வந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றைப் படித்த பின்னரே மனம் சற்று அடங்கியது. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கண்டறிந்து எழுதிய ஆய்வு அது. நம் நாட்டிலிருந்து சேர்ந்தவர்கள் தில்லிக் குழந்தைகளே. பிடிப்பின்றித் தனியே நடக்கும் பருவம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்து கிடக்கிறது என்பது அதன் முடிவு. நலமுடைய குழந்தைகளுள்ளேயே ஒன்பது மாத வேற்றுமை! நூற்றுக்கு நான்கு குழந்தைகள் தவழாமலே நடையை எட்டினவாம். இயற்கை இத்துணை தாராளமாகக் கால எல்லை வகுத்திருக்க, தந்தையர் நாம் பணிமூப்புப் பட்டியலைப் பார்ப்பது போலப் பிறர் குழந்தைகளின் மாதங்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட கணக்கு இதனினும் வியப்பானது. பன்னிரண்டு முதல் பத்தொன்பது மாதக் குழந்தைகள் விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் வைக்கின்றன. 17 முறை விழுகின்றன. ஒரு மணிக்குப் பதினேழு தோல்வி! நாம் ஒரு துறைத் தேர்வில் ஒருமுறை தவறினால் ஓராண்டு முகம் வாடியிருப்போம். குழந்தைக்கோ விழுதல் தோல்வி என்பதே தெரியாது. அது தோல்வி என்று பக்கத்தில் நிற்கும் நம் முகத்தைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்கிறது. என் மகள் விழுந்ததும் அழுததில்லை. விழுந்து, தலையை உயர்த்தி, என்னைப் பார்ப்பாள். நான் பதறினால் அழுவாள், பதறாவிட்டால் எழுவாள். என் முகம் அவளுக்கு ஒரு தீர்ப்பு என்பதை உணர்ந்த நாளில் எனக்கு நடுக்கமே உண்டாயிற்று.

விழுந்த குழந்தையை எவ்வாறு தேற்றுகிறோம் என்பதிலும் ஓர் அறப்பாடம் ஒளிந்திருக்கிறது. எங்கள் வீட்டு வழக்கம் தரையை அடிப்பது. 'இந்தத் தரைதானே பாப்பாவைத் தள்ளிச்சு? அடி அதை!' என்போம். குழந்தையும் தன் பிஞ்சுக் கையால் தரையை அடித்துவிட்டு ஆறுதல் பெறும். எதிர்வீட்டு கட்வாலி அம்மையார் வழக்கம் வேறு. குழந்தை விழுந்ததும், 'அரே, சீண்ட்டி மர் கயீ!' என்று தரையைக் காட்டுவார். எறும்பு செத்துப்போயிற்று என்பது பொருள். குழந்தை அழுகையை மறந்து எறும்பைத் தேடும். இரண்டும் வேடிக்கைதான், இரண்டும் பொய்தான். ஆயினும் முன்னது, 'உன் வலிக்குப் பிறர் காரணம். பழி தீர்த்துக்கொள்' என்கிறது. பின்னது, 'உன் வீழ்ச்சியால் வேறோர் உயிருக்கும் வலித்திருக்கும். குனிந்து பார்' என்கிறது. என் நாற்பதாண்டு வாழ்வில் நான் அடித்த தரைகளை எண்ணிப் பார்த்தேன். பதவி உயர்வு தாமதித்தபோது ஒரு தரை. உறவினர் முகம் திரும்பியபோது ஒரு தரை. எறும்பைத் தேடிக் குனிந்த நாட்கள் மிகச் சிலவே.

இனி, நடக்கத் துணைசெய்யும் கருவிகளைப் பற்றி. உறவினர் ஒருவர் பரிசாக ஞெகிழி வண்டி ஒன்றை அளித்தார். நடுவில் குழந்தையை உட்கார வைத்துவிட்டால், சுற்றிலும் உருளைகள், காலால் உந்தினால் கூடம் முழுதும் பறக்கும், பாட்டும் பாடும். குழந்தை விழுவதே இல்லை. எங்கள் மருத்துவர் அதைக் கண்டித்தார். கனடா நாடு 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது என்று பின்னர் அறிந்தேன். படிக்கட்டில் உருண்டு விழும் இடர் ஒருபுறமிருக்க, அதில் அமர்ந்த குழந்தை தன் உடலின் எடையைத் தானே தாங்குவதில்லை. தாங்காத எடையை நிறுத்தப் பழகுவதும் இல்லை.

என் தாயார் ஊரிலிருந்து வரும்போது பழைய நடைவண்டியைக் கோணியில் சுற்றி இரயிலில் கொண்டுவந்திருந்தார். மூன்று மரச்சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு கட்டை, அவ்வளவே. நான் நடந்த வண்டி அது. அது குழந்தையைச் சுமப்பதில்லை. குழந்தை தானே எழுந்து நின்று பிடித்தாலன்றி அதனால் பயனில்லை. விரைந்து தள்ளினால் வண்டி முன்னே ஓடும், குழந்தை முகங்குப்புற விழும். மெல்லத் தள்ளினால் உடன் வரும். துணை என்பதற்கு இதனினும் நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. விழவே விடாத துணை ஒன்று. நிற்பவனுக்கு மட்டும் உதவும் துணை ஒன்று. பெற்றோர், ஆசிரியர், அரசு ஆகிய எல்லாத் துணைகளையும் இவ்விரண்டு வண்டிகளில் ஒன்றாகப் பகுத்துவிடலாம்.

இத்துடன் கட்டுரை முடிந்திருக்குமாயின், 'விட்டுவிடுவதே அன்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டிருப்பேன். ஆனால் அதே கூடத்தில் இன்னொருவரும் நடந்துகொண்டிருந்தார்.

என் தாயாருக்கு வயது எழுபத்தாறு. தந்தையார் மறைந்த பின் மன்னார்குடிப் பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு என்னுடன் வந்தவர். இந்தி தெரியாது. முழங்கால் வலி உண்டு. எனினும் செவ்வாய்க்கிழமைகளில் தனியே புறப்பட்டு இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குச் சென்று, படியேறி, முருகனைக் கண்டு, அங்கே நம்மவர் நால்வரிடம் தமிழ் பேசிவிட்டு வருவார். ஒருநாள் திரும்புகையில் சாலையோரக் கல் தடுக்கி விழுந்தார். சிராய்ப்புதான், எலும்பு தப்பியது. அன்று மாலை நான் விதித்த தடை கடுமையானது. தனியே வெளியே போகக் கூடாது. வீட்டுக்குள்ளும் அடிக்கடி எழக் கூடாது. வேண்டியதைக் கேட்டால் கொண்டுவந்து தருவோம்.

அவர் மறுத்துப் பேசவில்லை. கீழ்ப்படிந்தார். இரண்டு மாதத்தில் அவர் நடை குன்றியது. பேச்சு அதனினும் குன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தை விழுந்தாள். நான் ஆய்வெல்லாம் படித்தவனல்லவா, அசையாமல் இருந்து, 'எழுந்திரு, எழுந்திரு' என்று கைதட்டினேன். அந்நேரம் நாற்காலியிலிருந்து எழ முயன்ற தாயாரிடம், 'நீங்க ஏம்மா எந்திரிக்கிறீங்க? உக்காருங்க' என்றேன். அவர் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

'அது விழுந்தா எந்திரிங்கிற. நான் எந்திரிச்சா உக்காருங்கிற. நல்லா இருக்குப்பா உன் நியாயம்.'

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

நம் மொழி இவ்விடத்தில் என்னைத் தடுத்து நிறுத்தியது. குழந்தையின் நடைக்குத் தமிழ் வைத்த பெயர் தளர்நடை. பெரியாழ்வார் கண்ணனின் தளர்நடைப் பருவத்துக்கென்றே ஒரு திருமொழி பாடினார். முதியவர் நடையையும் தளர்ந்த நடை என்றே சொல்கிறோம். இருவர்க்கும் ஒரே சொல். ஆனால் ஒருவர் தளர்ச்சிக்குக் கைதட்டுகிறோம். மற்றவர் தளர்ச்சிக்குக் கதவடைக்கிறோம்.

இதற்கு மறுமொழி உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. இருவர் வீழ்ச்சியும் ஒன்றல்ல. குழந்தை தரைக்கு அருகில் இருக்கிறது, எடை குறைவு, எலும்பு வளையும். முதியவர் விழுந்தால் தொடையெலும்பு முறியலாம், முறிந்தால் படுக்கை, படுக்கையிலிருந்து பலர் மீள்வதில்லை. ஆகவே குழந்தைக்குச் சொல்வதை அப்படியே தாய்க்குச் சொல்லி, 'விழட்டும்' என்று கைகட்டி நிற்பது அன்பாகாது, அறமும் ஆகாது. என் அச்சம் பொய்யான அச்சமன்று.

அப்படியானால் என் பிழைதான் எது? நெடுநாள் எண்ணியபின் ஒன்று விளங்கிற்று. குழந்தைக்காக நான் இடத்தைத் திருத்தினேன். மேசை முனைகளில் துணி சுற்றினேன், வழியிலிருந்த பெட்டிகளை அகற்றினேன். பின் அவளை நடக்க விட்டேன். தாயாருக்காகவோ இடத்தைத் திருத்தவில்லை, ஆளைக் கட்டினேன். அதுவே எனக்கு எளிது. அலுவலகத்தில் அமர்ந்திருக்கையில் என் மனம் அமைதியாக இருக்கும். அவருக்குப் பாதுகாப்பு என்று பெயரிட்டு, நான் வாங்கிக்கொண்டது என் நிம்மதியை. பிடித்தலா, விடுதலா என்ற வினாவுக்கு விடை தேடுமுன், 'இந்த அச்சம் யாருடையது? இதற்கு விலை கொடுப்பவர் யார்?' என்று கேட்க வேண்டும் போலும். நான் அஞ்சினேன், விலையை அவர் கொடுத்தார்.

குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தினேன், ஈரத்தில் வழுக்காத விரிப்பு ஒன்று, ஓர் ஊன்றுகோல். கோலை அவர் ஒரு வாரம் தொடவில்லை; பிறகு காக்கையை விரட்ட என்று சொல்லி எடுத்தார். செவ்வாய்தோறும் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக விடைபெற்று, மலை மந்திர்ப் படிகளில் அவருக்கு நான்கு அடி பின்னே நடக்கிறேன். கையைப் பிடிப்பதில்லை. அந்த நான்கு அடி தூரத்தைக் காப்பது எனக்கு எளிதாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புலம்பெயர்ந்து வந்த நமக்கு இவ்வினா இன்னும் ஆழமானது. பிள்ளைத்தமிழ் வகுத்த பத்துப் பருவங்களில் ஆறாவது, குழந்தை அடியெடுத்து வைக்கும் பருவம். அதற்கு நடைப் பருவம் என்றோ செலவுப் பருவம் என்றோ பெயரிடவில்லை. வருகைப் பருவம் என்றார்கள். குழந்தை நம்மை நோக்கி வரும் என்றே தாய் மனம் காண்கிறது. வரக் கற்ற கால் போகவும் கற்றுவிட்டது என்பதை அப்போது எவரும் எண்ணுவதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பணியாணையுடன் நான் தில்லிக்குப் புறப்பட்டபோது, என் தாயார் இரயிலடியில் சன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். வண்டி நகர்ந்ததும் கம்பியை விட்டார். 'போய்ட்டு வா' என்றார். போ என்று மட்டும் சொல்ல நம் நா எழுவதில்லை. வா என்பதையும் சேர்த்தே அனுப்புகிறோம். நான் போனேன், திரும்பி வந்து தங்கவில்லை. கடைசியில் அவரே வந்தார். பிடியை விடுவதன் விலை எவ்வளவு என்று எனக்குப் பாடம் சொல்ல அவருக்கன்றி வேறு எவருக்கு உரிமை உண்டு?

மகள் முதன்முதலாகக் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை விழாமல் நடந்தது மார்ச்சு மாதத்தில். கம்பளி கழன்று உடல் இலேசாகியிருந்தது; காலுறையும் இல்லை. நான் அவளை இடுப்பில் பிடித்திருந்தேன். எதிர்ப்புறம் நாற்காலியில் தாயார், கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு இரு கைகளையும் நீட்டி, 'வா, வா' என்றார். மனைவி அடுக்களை வாயிலில் கரண்டியோடு நின்றாள். நான் கையை எடுத்தேன். ஒன்பது அடிகள் இருக்கும். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.