குயவர் வீட்டுக் கழுதை

பழைய சிறுவர் நூலொன்று கார்ட்டூன் படமாகும்போதெல்லாம், "கதையை மாற்றலாமா?" என்ற கேள்வி எழுகிறது. தாராளமாக மாற்றலாம்! எழுதியவன் சொல்லே வேதமென்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கூட்டமல்ல நாம். காப்பியங்களையே கேள்விக் கணைகளால் துளைத்தவர்கள், கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்'குக்கா காவல் நிற்கப் போகிறோம்? தோழர்களே, கேட்க வேண்டியது வேறு: எதை மாற்றினார்கள், யாருக்கு வசதியாக?

1894-இல் வெளிவந்த நூலுக்கு 1967-இல் டிஸ்னி நிறுவனம் படவடிவம் தந்தது. கதை எழுத வந்தவரிடம் நூலை நீட்டிய வால்ட் டிஸ்னி, "இதைப் படிக்காதே" என்றாராம்! முன்னதாக பில் பீட் எழுதிய கதையமைப்பு, இருண்டதென்று ஒதுக்கப்பட்டது. விளைவு? ஆடும் கரடி, பாடும் குரங்கு. குடமேந்திய சிறுமியின் பின்னே மோக்லி ஊருக்குள் நுழைவதோடு சுபம்!

நூலிலோ, ஊருக்குள் நுழைந்த பிறகுதான் கதை கொதிக்கிறது. சியோனிக் காட்டில் ஓநாய் வளர்த்த பிள்ளைக்குச் சாதி தெரியாது. களிமண் குழியில் சறுக்கிய குயவரின் கழுதையை வாலைப் பிடித்துக் கரையேற்றுகிறான். சந்தைக்குப் போகும் பானைகளை அடுக்கவும் உதவுகிறான். பதறுகிறது ஊர்! கண்டிக்க வந்த பூசாரியிடம், உம்மையும் கழுதைமேல் ஏற்றிவிடுவேன் என்கிறான். மறுநாளே எருமை மேய்க்க அனுப்புகிறார்கள். புலியைக் கொன்று வந்தவனைச் சூனியக்காரனென்று கல்லால் அடிக்கிறார்கள். தொடர்ந்து வந்த இரண்டாம் நூலில், அவனைப் பிள்ளையாக ஏற்ற மெசுவாவையும் அவள் கணவனையும் கட்டிப்போட்டுக் கொளுத்தத் துணிகிறார்கள்.

கிப்ளிங் நம்மவர் அல்லர். பம்பாயில் பிறந்த ஏகாதிபத்தியவாதி. மெசுவாவுக்கு அவர் காட்டும் புகலிடமும் ஆங்கிலேயர் இருக்கும் ஊரே. நோயைக் கண்டவர், மருந்தென்று அடிமைச் சங்கிலியை நீட்டினார். படம் அந்த மருந்தை எறிந்தது; நன்று. நோயையுமன்றோ சேர்த்து மறைத்துவிட்டது!

"பிஞ்சு உள்ளம் தாங்குமா?" என்பர். வானகரத்தில் நான் பாடம் சொல்லும் வகுப்பில், படத்தை ஏற்கெனவே பார்த்திருந்த பிள்ளைகளுக்குக் கழுதைக் கதையைச் சொன்னேன். எவரும் அஞ்சவில்லை; விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் கழுதைமேல் பூசாரியைக் கரும்பலகையில் வரைந்தே விட்டான். (தலைமையாசிரியர் வருமுன் அழித்துவிட்டேன், என் துணிவு அவ்வளவே!) கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

"தூக்கிவிட்டது தப்புன்னு ஏன் சார் சொன்னாங்க?" என்றாள்.

அன்றைய பாடவேளை முழுதும் அந்தக் கேள்விக்கே போயிற்று.