மறைக்கக் கூடாத கீறல்

"போன வருஷந்தானே நாய்க்கடி ஊசி எல்லாம் போட்டு முடிச்சோம்; பூனை லேசாகப் பிறாண்டியதற்கு மறுபடியும் ஆஸ்பத்திரியா?" வீடுகளில் இயல்பாக எழும் கேள்விதான். ஆனால் வெறிநோய் விஷயத்தில் இந்த அலட்சியத்துக்கு இடமில்லை. அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக மீட்பே இல்லாத நோய் அது.

 நீலகிரியில், குன்னூரில், நாய்க்கடிக்கு மருத்துவம் செய்யும் பாஸ்டர் நிலையம் 1907-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் நாய் கடித்தவர்கள் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலி வரை போக வேண்டியிருந்தது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்தை வயிற்றில் பதினான்கு ஊசிகளாகப் போட்ட காலமும் இருந்தது. அந்த மருந்தை நம் நாடு கைவிட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. இன்று ஊசி கையில்தான். அரசு மருத்துவமனையில் இலவசம். தாத்தா சொன்ன பழைய பயத்தை வைத்துக்கொண்டு இப்போது தயங்கக் கூடாது.

நாயும் பூனையும் தம் பாதங்களை நக்கும். நகத்தில் ஒட்டிய எச்சில், கீறல் வழியே உள்ளே போகலாம். ஆகவே முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. ஏற்கெனவே ஊசி போட்டவருக்கும் இதில் விலக்கு இல்லை. பிறகு அயோடின் மருந்து தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம்.

அடுத்தது மருத்துவமனை. முன்பு முழுமையாக ஊசி போட்டு, அதற்கான சீட்டும் இருந்தால், அன்று ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என இரண்டே தவணைகள் போதும். கீறலில் ரத்தம் வந்திருந்தாலும் காயத்தைச் சுற்றிப் போடும் சீரம் ஊசி தேவையில்லை. பழைய ஊசியை உடல் நினைவில் வைத்திருக்கிறது; புதிய தவணை அந்த நினைவை எழுப்பியதும் எதிர்ப்பு அணுக்கள் விரைந்து பெருகுகின்றன. எல்லாத் தவணையும் முடித்து மூன்று மாதத்துக்குள் என்றால் காயத்தைக் கழுவுவதே போதும் என்று மருத்துவர் சொல்லக்கூடும். முன்பு பாதியில் நிறுத்தியவர்களும், நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்களுக்கான சிகிச்சை வேறு.

"எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம்" என்பதும் முழுக் காப்பு ஆகாது. பிறாண்டிய நாயையோ பூனையையோ பத்து நாள் கவனிப்பது நல்லது. ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

கர்நாடக அரசு 2022-இல் மனிதருக்கு வரும் வெறிநோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஆனால் ஆஸ்பத்திரி அரசுக்கு அறிவிப்பது இருக்கட்டும்; கீறல் பட்ட செய்தி முதலில் வீட்டுக்குள் சொல்லப்பட வேண்டும். தெருநாயோடு விளையாடிய பிள்ளை, அடி விழும் என்று பயந்து கீறலைச் சட்டைக் கைக்குள் மறைக்கிறது. அந்த மௌனத்துக்குப் பிள்ளையைக் காட்டிலும் நாமே பொறுப்பு. எதைச் சொன்னாலும் முதலில் காயத்தைப் பார்ப்பார்கள், கண்டிப்பு பிறகுதான் என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கொடுப்பது பெற்றோரின் கடமை. பிறாண்டிய பிராணியைக் கல்லால் அடித்துக் கொல்வதால் யாரும் காப்பாற்றப்படுவதில்லை. அதைக் கவனிக்கும் வாய்ப்புதான் போகிறது.

ஒரு முறை பெற்ற பாதுகாப்பு, அடுத்த முறை செய்ய வேண்டியதைக் குறைக்கிறது, நீக்கிவிடுவதில்லை. நாய்க்கடி ஊசிச் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். கீறல் பட்டால் உடனே கழுவுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், மூன்றாம் நாள் ஊசியையும் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.