பீப்பாய்க்குள் ஒரு பெயர்

அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். காலேஜ் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் லீவு என்றால் ஊர் சுற்றுவது கிடையாது. சோபாவில் சாய்ந்து எட்டு சீசன் சீரியலை ஒரே வாரத்தில் முடிப்பதுதான் லீவு. அவன் பார்த்தது 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. 2019-ல் முடிந்துபோன தொடர். 'சும்மா பத்து நிமிஷம்' என்று காபி டம்ளருடன் பக்கத்தில் உட்கார்ந்த நான், நாலு நாள் எழுந்திருக்கவில்லை. (சில காட்சிகளில் இருவருமே அவசரமாக செல்போனை நோண்டினோம் என்பது வேறு விஷயம்.)

கடைசி சீசனில் ஒரு காட்சி. நகரம் விழுந்துவிட்டது. எதிரி வீரர்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு மண்டியிட்டிருக்கிறார்கள். கிரே வோர்ம் என்கிற தளபதி, தமிழில் சொன்னால் சாம்பல் புழு, ராணியின் உத்தரவு என்று சொல்லி அவர்களைக் கொல்கிறான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"பாவம் மாமா அவன். சின்ன வயசுலேருந்து அப்படித்தானே வளர்த்தாங்க? அவன் மேல என்ன தப்பு?" என்றான் பையன்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

சாம்பல் புழு யார் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொடருக்கு மூலம் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய நாவல் வரிசை. 2000-ல் வந்த மூன்றாம் பாகத்தில் அஸ்டபோர் என்று ஓர் ஊர் வருகிறது. எப்போதோ அழிந்துபோன கிஸ் பேரரசின் மிச்சம். அந்தப் பேரரசின் படைமுறையைக் காப்பியடித்து, அடிமை வீரர்களைத் தயாரித்து விற்பதுதான் ஊருக்குப் பிழைப்பு. அந்த வீரர்களுக்கு 'அன்சல்லீட்' என்று பெயர். மாசற்றவர்கள்.

போர்முறை ரொம்ப எளிமையானது. ஈட்டி, கேடயம், நெருக்கமான வரிசை. குதிரைப்படை பாய்ந்து வரும்போது அசையாமல் நிற்கவேண்டும், அவ்வளவுதான். கதைக்குள்ளேயே ஒரு பழைய கதை உண்டு. கோஹோர் என்ற நகரத்தின் வாசலில் இவர்கள் மூவாயிரம் பேர் நின்றார்கள். டோத்ராக்கிக் குதிரை வீரர்கள் பதினெட்டு முறை பாய்ந்தார்கள். கடைசியில் மிஞ்சியது அறுநூறு பேர். வரிசை மட்டும் உடையவில்லை.

ஈட்டி பிடிக்க யாருக்கும் ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஓடாமல் நிற்கக் கற்றுக்கொடுப்பதுதான் கஷ்டம். சாதாரண மனிதன் ஏன் ஓடாமல் நிற்கிறான்? பின்னால் வீடு இருக்கிறது, பெண்டாட்டி பிள்ளை இருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவன் சொந்த ஊர்க்காரன், நாளைக்கு அவன் முகத்தில் விழிக்கவேண்டும். அஸ்டபோர் வியாபாரிகள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். காப்பாற்ற ஏதாவது இருந்தால் ஒருவன் நிற்பான். இழக்க எதுவுமே இல்லாவிட்டாலும் நிற்பான். இரண்டாவது ஆளை எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் தயாரிக்கலாம்.

எப்படித் தயாரிக்கிறார்கள்? ஐந்து வயதில் ஆரம்பம். பையனுக்கு ஆண்மை நீக்கிவிட்டு, கையில் ஒரு நாய்க்குட்டியைக் கொடுக்கிறார்கள். ஒரு வருஷம் வளர்க்கவேண்டும். வருஷக் கடைசியில் அவனே அதன் கழுத்தை நெரிக்கவேண்டும். முடியாதவனைக் கொன்றுவிடுவார்கள். பயிற்சி முடிகிற சமயத்தில் ஒரு வெள்ளிக் காசோடு சந்தைக்குப் போய், ஒரு அடிமைத் தாயின் கைக்குழந்தையை அவள் கண்ணெதிரே கொல்லவேண்டும். காசு நஷ்ட ஈடு. தாய்க்கு இல்லை, அவளுடைய எஜமானனுக்கு!

பெயர்கூட நிரந்தரம் கிடையாது. தினமும் காலையில் ஒரு பீப்பாய்க்குள் கைவிட்டு அன்றைய பெயரை எடுக்கவேண்டும். இன்றைக்குச் சிவப்புத் தெள்ளுப்பூச்சி, நேற்று கறுப்பு எலி.

'கதைதானே சார், இப்படியெல்லாம் எங்கே நடக்கும்?' என்று நீங்கள் கேட்கலாம். இவ்வளவு கொடூரமாக இல்லாவிட்டாலும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் சரித்திரத்தில் உண்டு. ஒட்டோமான் பேரரசு சுமார் முந்நூறு வருஷம் பால்கன் கிராமங்களிலிருந்து கிறிஸ்தவச் சிறுவர்களைக் கணக்கெடுத்துக் கூட்டிப்போனது. மதம் மாற்றி, பெயர் மாற்றி, துருக்கிக் குடும்பங்களில் விட்டு மொழி கற்பித்து, பிறகு படையில் சேர்த்தார்கள். ஜானிசரிகள் என்று பெயர். ஆரம்ப காலத்தில் கல்யாணத்துக்கும் தடை. போர்க்களத்தின் நடுவில் சுல்தானைச் சுற்றி அசையாமல் நிற்பது அவர்கள் வேலை. 1526-ல் மொஹாச் போரில் ஹங்கேரியின் கவசக் குதிரைப்படை அந்த நடுப்பகுதியில் மோதித்தான் சிதறியது.

ஆனால் அந்தத் தொழிற்சாலையில் ஓர் ஓட்டை இருந்தது. சொந்தம் பந்தத்தை அறுத்துவிட்டால் மனிதன் சும்மா இருப்பதில்லை, புதுசாக ஒன்றைப் பிடித்துக்கொள்கிறான். ஜானிசரிகளுக்கு அது சமையல் அண்டா. சேர்ந்து சாப்பிடுகிற அண்டாதான் குடும்பம், அதுவே படைப்பிரிவின் சின்னம். அண்டாவைக் கவிழ்த்தால் கலகம் என்று அர்த்தம். 1622-ல் தங்கள் சுல்தான் இரண்டாம் ஒஸ்மானையே கொன்றார்கள். 1826-ல் இன்னொரு சுல்தான் பீரங்கி வைத்து அவர்களை ஒழித்துக்கட்டினார்.

அப்படிப் பிடித்துப்போன பையன்களில் ஒருவர் சொகொல்லு மெஹ்மெத் பாஷா. பேரரசின் பிரதம மந்திரி வரை உயர்ந்தார். உயர்ந்த பிறகு, தான் பிறந்த பொஸ்னியப் பகுதியில், வீஷெகிராட் என்ற ஊரில் ட்ரினா ஆற்றின் மேல் கல்பாலம் கட்டினார். அது இன்றும் நிற்கிறது. பெயரை மாற்றினார்கள், ஊர் மனசிலிருந்து போகவில்லை.

சரி, பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். அவன் மேல் என்ன தப்பு?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நூரம்பர்க்கில் நாஜிகளை விசாரித்தபோது இதே கேள்வி வந்தது. 'மேலே சொன்னார்கள், செய்தேன்.' அந்த விசாரணையிலிருந்து ஐ.நா.வின் சர்வதேசச் சட்டக் கமிஷன் 1950-ல் சில கோட்பாடுகளைத் தொகுத்தது. அதில் ஒன்று: மேலதிகாரியின் உத்தரவு என்பதால் பொறுப்பு நீங்கிவிடாது. கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. வேறு மாதிரி நடந்துகொள்ள அவனுக்கு நிஜமாகவே வழி இருந்திருக்கவேண்டும்.

நாய்க்குட்டியோடு நின்ற ஆறு வயதுப் பையனுக்கு என்ன வழி இருந்தது? 'மாட்டேன்' என்றால் சாவு. ஒரு குழந்தையைப் பார்த்து 'நீ செத்திருக்கணும்' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதே சமயம், சில பையன்கள் மாட்டேன் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் படையில் இல்லை. கதையில் அவர்களுக்குப் பெயரும் இல்லை. இரக்கம் உள்ளவனை முதல் வருஷமே சலித்து எறிந்துவிட்டு, மிச்சத்துக்கு மாசற்றவர்கள் என்று பெயர் வைத்தார்கள். என்ன தைரியம் பாருங்கள்!

டேனரிஸ் என்கிற இளவரசி இந்தப் படையை மொத்தமாக வாங்குகிறாள். வாங்கிய கையோடு பழைய எஜமானர்களையே வெட்டச் சொல்கிறாள். வெட்டுகிறார்கள். சாட்டை யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குக் கீழ்ப்படியத்தானே பழக்கியது? பிறகு விடுதலை தருகிறாள், சொந்தப் பெயர் வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். நம்ம ஆள் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறான். 'பிறந்தபோது வைத்த பெயரில்தான் அடிமையானேன். விடுதலையான அன்று பீப்பாயில் கிடைத்தது சாம்பல் புழு. அதுதான் ராசியான பெயர்' என்கிறான். படித்தபோது கண் கலங்கிவிட்டது.

ஆனால் சீரியலின் அந்தக் கடைசிக் காட்சியில் அவனுக்கு ஆறு வயது இல்லை. சுதந்திர மனிதன், தளபதி. மாட்டேன் என்றால் நாய்க்குட்டிப் பையன்களின் கதி வரும் என்கிற பயமும் இல்லை. குழந்தையில் அவனுக்கு மறுக்கப்பட்ட அந்த வழி இப்போது திறந்திருந்தது. எஜமானர்கள் போய்விட்டார்கள். 'மாட்டேன்' என்ற வார்த்தையை மட்டும் யாரும் அவனுக்குத் திருப்பித் தரவில்லை. அதை அவனேதான் கற்றிருக்கவேண்டும். அங்கேதான் அவன் மேல் தப்பு ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பாதித் தப்பாகவே இருக்கட்டும், அவனுடைய தப்புதான்.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க மாமா?"

ஆறு வயதில் அந்த நாய்க்குட்டியைக் கொன்றிருப்பேன். சந்தேகமே இல்லை, நான் பயந்தாங்கொள்ளி. அந்தக் கடைசிக் காட்சியில் என்ன செய்திருப்பேன் என்பதற்குத்தான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.