கணங்களின் நாதன் முன்னிலையில்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைக்கு அருகில், தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், பழவங்காடி மகாகணபதியின் திருக்கோயில் உள்ளது. அனந்தசயனனாகிய பத்மநாபனைச் சேவிக்க வருவோரில் பலர், முதலில் இங்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டே மேலே செல்கின்றனர். நாள் முழுவதும் தேங்காய் உடைபடும் ஓசை அந்தத் தெருவில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இத்திருக்கோயிலுக்கு வேறெங்கும் எளிதில் காணமுடியாத ஒரு சிறப்பு உண்டு. இதைப் பராமரித்து வருவது இந்திய இராணுவம். பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த காலத்தில் அங்குப் பணிபுரிந்த நாயர் படையினர் வழிபட்டு வந்த விநாயகரே, தலைநகர் மாறியபோது அந்த வீரர்களுடன் இங்கு எழுந்தருளினார் என்பது கோயில் வரலாறு. சுதந்திரத்திற்குப் பின் திருவிதாங்கூரின் படை இந்திய இராணுவத்துடன் இணைந்தபோது கோயிலின் பொறுப்பும் இராணுவத்திடம் வந்தது. இன்று மதராஸ் ரெஜிமெண்ட் அந்தத் தொண்டைச் செய்து வருகிறது. 1758-இல் தோன்றி, நீலகிரி வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் படைப்பிரிவு தன் இலட்சிய வாசகத்தைப் பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுத்துக்கொண்டது. தன் கடமையைச் செய்கையில் மரணம் வந்தாலும் அது மேன்மையே என்பது அதன் பொருள்.

படைவீரர்களுக்கும் விநாயகருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கலாம். பெயரிலேயே அந்தத் தொடர்பு இருக்கிறது. கணம் என்றால் கூட்டம். கணங்களின் தலைவன் கணபதி. சிவபெருமானின் பூதகணங்களை நம் சிற்பிகள் எப்படி வடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒன்று குள்ளம், ஒன்று பருமன், ஒன்று மத்தளம் கொட்டுகிறது, மற்றொன்று சங்கு ஊதுகிறது. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. அவர்களின் தலைவருக்கோ யானைமுகம், மனித உடல், வாகனமாக மூஞ்சூறு. ஒத்த குணமும் ஒத்த உருவமும் உடையவர்களைச் சேர்த்துக் குழு அமைப்பது எளிது. ஒவ்வாதவர்களையெல்லாம் ஒரு காரியத்தில் இணைத்து நிறுத்துவதே கணபதியின் வேலை.

கழக்கூட்டத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கில் இன்று ஏராளமான இளைஞர்கள் பணிபுரிகின்றனர். அவர்களில் ஒருவர், நாகர்கோவில் பக்கத்தைச் சேர்ந்தவர், பழவங்காடியில் தரிசனம் முடித்துவிட்டு நம்மைச் சந்தித்தபோது தம் மனக்குறையைக் கூறினார்.

"சுவாமி, என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. காலையில் ஜபம் செய்துவிட்டு வருகிறேன். அலுவலகத்தில் வீண்பேச்சுக்கு நிற்பதில்லை. எனக்குக் கொடுத்ததை முடித்துவிட்டுக் கிளம்புகிறேன். ஆனால் இந்த ஆண்டு அப்ரைசலில், குழுவோடு இணைந்து பணிபுரியத் தெரியாதவன் என்று எழுதிவிட்டார்கள். நான் செய்ததை இன்னொருவர் தம்முடையதாகக் காட்டிப் பாராட்டு வாங்குகிறார். தவறு நேர்ந்தால் மட்டும் என் பெயர் வருகிறது. கர்மயோகம் என்று எண்ணிப் பொறுத்துக்கொள்வதா, வேலையை விட்டுவிடுவதா?"

இக்கேள்வி இவர் ஒருவருடையது அன்று. ஆன்மிக நாட்டம் உடைய பலர் அலுவலகத்தைச் சகித்துக்கொள்ள வேண்டிய இடமாகவும், உடன் பணிபுரிவோரைத் தம் மன அமைதிக்குத் தடையாகவும் எண்ணுகின்றனர். தம் பங்கை மட்டும் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதற்குக் கர்மயோகம் என்று பெயரும் சூட்டிவிடுகின்றனர். கீதையின் மூன்றாம் அத்தியாயம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. அங்குக் கர்மம் யக்ஞமாகக் காட்டப்படுகிறது. தேவர்கள் மனிதர்களையும் மனிதர்கள் தேவர்களையும் பேணுகின்றனர். மழையும் அன்னமும் வேள்வியும் ஒன்றையொன்று சார்ந்து சக்கரமாகச் சுழல்கின்றன. அந்தச் சுழற்சியிலிருந்து பெற்றுக்கொண்டு எதையும் திருப்பித் தராதவனைக் கண்ணபிரான் கள்வன் என்றே அழைக்கிறார். கடுமையான சொல்தான். தான் கற்ற தொழில்நுணுக்கத்தைப் பக்கத்து மேசைக்காரருக்குச் சொல்லாமல் மறைத்து வைத்து, தான் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்ற நிலையை உண்டாக்கிக்கொள்பவர் அந்தச் சொல்லைக் கேட்டுச் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

குழுவாகப் பணிபுரியத் தெரியாமையால் என்ன நேரும் என்பதை அறிய மகாபாரதத்தின் கௌரவர் பாசறையைவிடச் சிறந்த பாடம் இல்லை. பதினொரு அக்ஷௌகிணி சேனை அவர்களிடம் இருந்தது; பாண்டவர்களிடம் இருந்தது ஏழே. பீஷ்மர், துரோணர், கர்ணன், கிருபர், அசுவத்தாமன் என்று மாவீரர்கள் அணிவகுத்து நின்றனர். ஆயினும் போர் தொடங்குமுன்பே அந்தப் பாசறை உடைந்துவிட்டது. படையில் உள்ள ரதர், அதிரதர்களைக் கணக்கிட்டுச் சொல்லும்படி துரியோதனன் கேட்க, பீஷ்மர் ஒவ்வொருவரின் திறனையும் எடைபோட்டுக்கொண்டு வந்தார். கர்ணனின் முறை வந்தபோது அவனை அரை ரதன் என்றார். சபையில், எல்லோர் முன்னிலையிலும் கூறினார். கர்ணன் கொதித்தெழுந்தான், பீஷ்மர் விழும்வரை தான் ஆயுதம் ஏந்துவதில்லை என்று சபதம் செய்தான்.

பதினெட்டு நாள் போரில் முதல் பத்து நாட்கள், அர்ஜுனனுக்கு நிகரான அந்த வீரன் பாசறையிலேயே இருந்தான். பாதிக்கும் மேற்பட்ட போர் அவனின்றி நடந்தது. பகைவரின் அம்பு எதுவும் செய்யாத சேதத்தை ஒரு சொல்லும் ஒரு சபதமும் செய்துவிட்டன.

இங்கு யார் குற்றவாளி? படிப்போரில் பலர் பீஷ்மர் பக்கமோ கர்ணன் பக்கமோ சாய்கின்றனர். இருவருமே துரியோதனனின் காரியத்தைத் தம் மானத்திற்குப் பின்னே வைத்தனர் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. (அந்தக் காரியமே அதர்மமாயிற்றே என்றால், ஆம், அது வேறு விஷயம்.) நெஞ்சை உருக்குவது அதன் பின் நடந்தது. பத்தாம் நாள் பீஷ்மர் சரப்படுக்கையில் சாய்ந்தார். எல்லோரும் விலகிய பின் கர்ணன் தனியே வந்து அவர் பாதத்தருகில் நின்றான். அப்போது பிதாமகர் மனம் திறந்து பேசினார். அவனிடம் தமக்குப் பகை இல்லை என்றார். குலத்தில் பிளவு வளராதிருக்கவே கடுஞ்சொல் கூறியதாகச் சொன்னார். அவனுடைய வீரத்தையும் கொடையையும் வாயாரப் புகழ்ந்தார். மதிப்பு அவருடைய உள்ளத்தில் எப்போதும் இருந்திருக்கிறது! அது வாய்க்கு வந்து சேரப் பத்து நாட்களும் ஒரு சரப்படுக்கையும் தேவைப்பட்டன.

நம் அலுவலகங்களில் பணி ஓய்வு பெறும் நாளன்று நடக்கும் பாராட்டு விழாக்களைப் பார்க்கும்போது சில சமயம் இந்தக் காட்சி நினைவுக்கு வருகிறது. முப்பது ஆண்டுகள் கேட்க ஏங்கிய சொற்களை அந்த மனிதர் மாலையும் சால்வையுமாக அமர்ந்து ஒரே மாலையில் கேட்கிறார்.

பாண்டவர் பக்கம் வேறு விதமாக இருந்தது. அர்ஜுனனும் பீமனும் இருக்க, திருஷ்டத்யும்னன் சேனாபதி ஆனான். போர் முழுவதும் அவனே சேனாபதி. தன்னைவிடத் திறமை குறைந்தவனின் கீழ் நின்று போரிடுவதா என்று அர்ஜுனன் கேட்கவில்லை. அனைவருக்கும் மேலான பரம்பொருளோ குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, மாலையில் அவற்றைக் குளிப்பாட்டும் வேலையை ஏற்றிருந்தது.

புராணத்தோடு நின்றுவிட வேண்டாம். பழவங்காடியிலிருந்து வடக்கே சென்றால் தும்பா என்ற கடற்கரைக் கிராமம். 1963 நவம்பர் 21-ஆம் தேதி நம் நாட்டு மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் அங்கிருந்துதான் விண்ணில் பாய்ந்தது. அதற்கான நிலத்தில் மீனவ மக்களின் புனித மரிய மக்தலேனா தேவாலயம் இருந்தது. விக்ரம் சாராபாய் கேட்க, ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ரா தம் மக்களின் சம்மதத்தோடு தேவாலயத்தையும் தம் இல்லத்தையும் விஞ்ஞானப் பணிக்கு அளித்தார். ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் சென்ற புகைப்படத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

அங்கு வளர்ந்த குழு உருவாக்கியதே எஸ்.எல்.வி.-3. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு கட்டங்கள். திட்ட இயக்குநர் அப்துல் கலாம். 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அது, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிந்ததால் வழி தவறி வங்கக்கடலில் விழுந்தது. அன்று பத்திரிகையாளர்கள் முன் சென்றவர் இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவன். தோல்விக்குத் தாம் பொறுப்பு என்றும், தம் குழுவினர் அடுத்த முறை வெல்வர் என்றும் அவர் கூறினார். 1980 ஜூலை 18-ஆம் தேதி 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. அன்று தவன் பின்னே நின்றுகொண்டு, பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார்.

இதைக் கலாம் பல மேடைகளில் கூறியிருக்கிறார். அன்பர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவருடைய 'அக்கினிச் சிறகுகள்' நூலில் உள்ள இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தோல்விக்குப் பின் நடந்த ஆய்வுக் கூட்டத்தில், இறுதி நேரத்தில் தெரிந்த கசிவை அற்பமெனக் கருதி ஏவுதலை நிறுத்தாதது தம் பொறுப்பு என்று கலாமே எழுந்து ஒப்புக்கொண்டார். ஊருக்கு முன்னே தலைவர் பழியை ஏற்றார். அறைக்குள்ளே உறுப்பினர் உண்மையைச் சொன்னார். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணை. வெளியே காட்டிக்கொடுக்கப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் உள்ளே உண்மை பேசப்படும். பயம் இருக்கும் இடத்தில் கசியும் வால்வைப் பார்த்தவரும் பார்க்காததுபோல் இருந்துவிடுவார்.

அந்த ராக்கெட்டையே எண்ணிப் பாருங்கள். 17 டன் புறப்பட்டது. உலகைச் சுற்றியது 35 கிலோ. முதல் கட்டம் எரிந்து, தூக்கிவிட்டு, கழன்று கீழே விழுந்துவிடுகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. செயற்கைக்கோளுக்குப் பெயர் சூட்டுகிறார்கள். முதல் கட்டத்திற்கு யார் பெயர் சூட்டினார்கள்?

நம் தமிழ்நாட்டுப் பிள்ளையார் கோயில்களில் சிதறுகாய் உடைக்கும்போது நடப்பதும் இதுதான். உடைத்தவர் துண்டுகளைப் பொறுக்குவதில்லை. சுற்றி நிற்கும் குழந்தைகள் ஓடிவந்து எடுத்துக்கொள்கிறார்கள். தேங்காயின் ஓட்டை அகங்காரம் என்று சொல்லும் விளக்கத்தை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்தத் துண்டுகள் யாருக்குப் போயின என்பதையும் கவனிக்க வேண்டும்.

அப்படியானால், பாராட்டைத் திருடுபவரை விட்டுவிட வேண்டுமா என்று அந்த இளைஞர் கேட்டார். இல்லை. விட்டுக்கொடுப்பது வேறு, பொய்க்குத் துணைபோவது வேறு. இதற்கு விநாயகரே வழிகாட்டுகிறார். வியாசர் பாரதத்தைச் சொல்ல, கணபதி எழுத இசைந்தார் அல்லவா? எழுதுகோல் இடையில் நிற்காதபடி தொடர்ந்து சொல்ல வேண்டும் என்று கணபதி நிபந்தனை விதித்தார். பொருள் புரியாமல் ஒன்றையும் எழுதக்கூடாது என்று வியாசர் நிபந்தனை விதித்தார். வியாசர் இடையிடையே கடினமான சுலோகங்களை அமைக்க, கணபதி அவற்றின் பொருளைச் சிந்திக்கும் நேரத்தில் அவர் மேலே உள்ளவற்றை இயற்றிக்கொண்டார். இந்த நிகழ்ச்சி பழைய சுவடிகள் பலவற்றில் இல்லை, பிற்சேர்க்கை என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகின்றனர். அப்படியே இருக்கட்டும். அவ்வளவு பெரிய நூல் ஒருவரால் உருவாகியிருக்க முடியாது என்று பின்வந்தவர்கள் கருதியிருக்கிறார்கள் போலும்.

இருவரும் வேலை தொடங்குமுன்பே வெளிப்படையாகப் பேசிக்கொண்டனர். இருவரின் நிபந்தனையும் நூலுக்கு நன்மை செய்தது. எந்த நிபந்தனையிலும் 'என் பெயர் முதலில்' என்பது இல்லை. ஒருவர் காத்திருக்க வைக்கமாட்டேன் என்று உறுதி தந்தார். மற்றவர் புரியாமல் தலையாட்டமாட்டேன் என்று உறுதி தந்தார். நம் அலுவலகக் கூட்டங்களில் புரியாமல் ஆட்டப்படும் தலைகள் எத்தனை!

ஆகவே அந்த இளைஞரிடம் இவ்வாறு கூறினோம். பாராட்டை எடுத்துக்கொண்டவரிடம் முதலில் தனியே, அமைதியாக, நடந்ததை மட்டும் சொல்லிப் பேசுங்கள். பிறரிடம் போய் அவரைப் பற்றிப் பேசுவதைவிட அது கடினம். ஆனால் அதுவே நேர்மையான வழி. அவர் கேளாவிட்டால் பொறுப்பாளரிடம் கூறுங்கள். அதில் பாவம் ஒன்றுமில்லை. அதோடு, அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேசும்போது, உங்கள் வேலைக்கு உதவிய ஒருவரின் பெயரையாவது சொல்லுங்கள். காலையில் ஜபம் முடிந்ததும், இன்று என் வேலைக்காக யார் காத்திருக்கிறார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். சிக்கல் வந்தால் அன்றே வாய்விட்டுக் கேளுங்கள். கடைசி நாள்வரை மறைத்து வைப்பது தன்னடக்கம் ஆகாது.

"இவ்வளவு செய்தும் அங்கு ஒன்றும் மாறவில்லை என்றால்?" என்றார்.

அப்போது வேறிடம் தேடிக்கொள்வதில் தவறில்லை. தர்மம் ஒரு நிறுவனத்தின் வாசலோடு முடிந்துவிடுவதில்லை. ஆனால் புறப்படுமுன், உங்களுக்கு மட்டுமே தெரிந்தவை என்று அந்த வேலையில் எவையெல்லாம் உள்ளனவோ அவற்றை, உங்கள் இடத்திற்கு வரப்போகும் முகம் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி எழுதி வைத்துவிட்டுச் செல்லுங்கள்.