பாடு இல்லாத நாள்

கோட்டைக்குப்பத்தில் வலை பொத்திக் கொண்டிருந்த ஒருவர், பக்கத்தில் நின்ற தன் இரண்டு வயதுப் பெண்ணின் காலை வலைக்குள் இழுத்து, 'இறா மாட்டிக்கிச்சு, என்னா வெல?' என்றார். அவள் சிரித்துக்கொண்டு ஓடினாள். தானே திரும்பி வந்து காலை நீட்டினாள். பிறகு ஒரு கிழிந்த வலைத்துண்டில் தன் செருப்பைப் பிடித்து விலை கூறத் தொடங்கினாள்.

பழவேற்காடு ஏரியில் சுத்துவலை போட முறைவைப்பு உண்டு, பாடு என்கிறார்கள். அன்று அவருக்குப் பாடு இல்லை. அந்தக் கவலையும் முகத்தில் இருந்தது.

கடித்து விளையாடும் விலங்குகள், 'இது விளையாட்டு' என்ற செய்தியையும் கூடவே அனுப்புகின்றன என்று கிரெகரி பேட்சன் 1955இல் எழுதினார். அந்தச் செய்தியைத்தான் குழந்தை பெற்றோரிடம் முதலில் படிக்கிறது. பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்தில் நிலவை விளையாடக் கூப்பிடுவதும் பெரியவர்தானே.

விளையாடும் பெற்றோரின் பிள்ளைகள் விளையாட்டுணர்வோடு வளர்வார்கள் என்கிறது உளவியல். இதைத் தெரிந்துகொண்ட கணத்திலேயே விளையாட்டு கடமையாகிவிடுகிறது. கடமைக்காக விளையாட முடியுமா? முயன்றேன். வீடு திரும்பியதும் என் மகனின் காலைத் துண்டில் சுற்றி, 'இறால்' என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான்.

'துண்டுப்பா' என்றான்.

என் தகப்பனார் என்னோடு விளையாடியதில்லை என்று காரணம் சொல்லலாம். நாளை இவனும் தன் பிள்ளையிடம் தோற்றுவிட்டு அதையே சொல்வான்.